மூக்கு ஸ்ப்ரேயில் ஸ்டீராய்டு: உள்ளே இருக்கும் சவ்வு என்ன ஆகும்?

பழையசாமான் (காரைக்குடி)

வணக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறேன். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து மரப்பெட்டி, எனாமல் தூக்கு, கண்ணாடிப் படம் என்று எடுத்து வந்து விற்பதுதான் பிழைப்பு. இரண்டாங்கட்டில் ஒரு அறைக் கதவைத் தள்ளினால் போதும், அடுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். மூக்கில் தண்ணீராகக் கொட்டும், கண் நமைக்கும். ராத்திரி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுத்தான் தூக்கம். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு அலர்ஜி என்றார். மொமெட்டாசோன் என்னும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்துத் தினமும் அடிக்கச் சொன்னார்.

அட்டைப்பெட்டியைப் பார்த்த என் தங்கை அலறிவிட்டாள். முகம் வெளுக்க வேண்டும் என்று அவள் போட்ட க்ரீமிலும் இதே மொமெட்டாசோன்தான் இருந்தது. கன்னத்துத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்து, வெயிலில் தலைகாட்ட முடியாமல் அவள் பட்ட பாடு எங்கள் தெருவுக்கே தெரியும். "முகத்துத் தோலையே தின்ற மருந்து, மூக்குக்குள் இருக்கிற சவ்வை விட்டுவைக்குமா அண்ணே?" என்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

"பயப்படாதீர்கள், போடுங்கள்" என்ற பதில் வேண்டாம். அதை டாக்டரே சொல்லிவிட்டார். உள்ளே அந்தச் செல்களுக்கு என்னதான் நடக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல்_மில்

அண்ணே, நான் அரிசி மில்லில் வேலை. உமித் தூசியில்தான் பொழுது போகிறது. இந்த ஸ்ப்ரே எனக்கும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, தூக்கிப் போட்டேன். மெடிக்கலில் கிடைக்கும் சொட்டு மருந்து விட்டால் இரண்டே நிமிடத்தில் மூக்கு திறக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக அதுதான். முன்பு ராத்திரி மட்டும் விட்டேன், இப்போது நாளுக்கு ஐந்தாறு தடவை விட வேண்டியிருக்கிறது. அது ஒன்றுதான் தொந்தரவு.

கானாடுகாத்தான்_ஆச்சி

எங்கள் அப்பத்தா காலத்தில் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போம், மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிப்போம். சரியாகிவிடும். ஸ்டீராய்டைத் தொட்டால் பிறகு விடவே முடியாது என்று சொல்கிறார்களே, அது நிஜமா?

சிலைடு_கண்ணாடி (தேவகோட்டை)

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மூக்குச் சளி சிலைடும் அவ்வப்போது வரும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூக்கின் பக்கச் சுவரிலிருந்து பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து எடுத்து, சிலைடில் தேய்த்து, லீஷ்மன் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால், அலர்ஜிக்காரர் மூக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உட்கரு இரண்டு குமிழாகப் பிரிந்து, சுற்றிலும் ஆரஞ்சு கலந்த ரோஜா நிறத்தில் குருணை குருணையாக நிரம்பிய செல்கள் கும்பலாக நிற்கும். அதுதான் இயோசினோஃபில் என்னும் ஒரு வகை வெள்ளை அணு. சில செல்கள் உடைந்து குருணைகள் வெளியே சிதறிக் கிடக்கும். பாக்டீரியாச் சளி என்றால் இது இருக்காது, நியூட்ரோஃபில் என்னும் வேறு வகை வெள்ளை அணுதான் நிறைந்திருக்கும்.

சிதறிக் கிடக்கும் அந்தக் குருணைகளில்தான் வம்பு. அவற்றில் இருக்கும் புரதங்கள் புழுக்களைக் கொல்லப் படைக்கப்பட்டவை. மூக்கில் புழு இல்லை. அடி வாங்குவது நம்முடைய சொந்தச் சவ்வு. மேல் வரிசையில் குறு இழைகளோடு நிற்கும் செல்கள் பிய்ந்து உதிரும். நல்ல மூக்கில் அந்த இழைகள் வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்து, சளிப் படலத்தை நிமிடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இழைச் செல்கள் உதிர்ந்த இடத்தில் அந்த ஓட்டம் தடைப்படும். சளி சுரக்கும் கிண்ணச் செல்களோ பெருகும்.

அதனால் தங்கையின் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுவேன். மருந்து சவ்வைக் கெடுக்குமா என்று கேட்பதற்கு முன், மருந்து போடாத சவ்வு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தும்மலுக்குக் காரணம் வேறொரு செல், மாஸ்ட் செல். அதன் மேல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். தூசிச் சிற்றுண்ணியின் எச்சமோ, சீமைக் கருவேல மகரந்தமோ அதில் வந்து பொருந்தினால் சில நிமிடங்களில் ஹிஸ்டமினைக் கொட்டும். கதவைத் திறந்ததும் வருகிற அடுக்குத் தும்மல் இதனால்தான். நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். அப்போது ரத்தத்திலிருந்து இயோசினோஃபில்கள் சவ்வுக்குள் இறங்கும். அண்ணன் ராத்திரி வாயால் மூச்சு விடுவது அந்த அலையால்.

மாஸ்ட் செல், இயோசினோஃபில் இரண்டையும் சாயம் போட்டுப் பிரித்துக் காட்டியவர் ஒருவரேதான், ஜெர்மனியின் பால் எர்லிக், 1870களின் கடைசியில். இப்போதும் எங்கள் மேசையில் இருக்கும் சாயங்கள் அந்த வம்சம்தான். சரி, கதை போதும்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? சவ்வுச் செல்லின் உறை கொழுப்பால் ஆனது, இந்த மருந்தும் கொழுப்பில் கரைவது, ஆகவே தடையில்லாமல் உள்ளே போகும். உள்ளே இதற்கென்றே ஓர் ஏற்பி காத்திருக்கிறது. நம் உடம்பே சுரக்கும் கார்ட்டிசாலுக்காக இருப்பது அது. மருந்து அதில் பொருந்தியதும் இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், எந்த மரபணு வேலை செய்யலாம், எது வாய் மூட வேண்டும் என்பதை மாற்றும். இயோசினோஃபில்களைக் கூப்பிடும் செய்திப் புரதங்களைச் சவ்வுச் செல்களே தயாரிக்கின்றன. அந்தத் தயாரிப்பு குறையும். இயோசினோஃபில்லை நாள்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் ஐஎல்-5 என்னும் செய்திப் புரதம் குறையும், அது இல்லாமல் வந்தவையும் சீக்கிரம் மடியும். மேல் சவ்வில் குடியேறிய மாஸ்ட் செல்களின் எண்ணிக்கையும் குறையும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் குறையும்.

புதுவயல் தம்பி, மூன்று நாளில் ஒன்றும் தெரியவில்லை என்றீர்களே, காரணம் இதுதான். மரபணு வேலையை நிறுத்தி, பழைய புரதம் தீர்ந்து, நின்ற செல்கள் கலைய வேண்டும். சிலருக்குப் பாதி நாளில் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். முழுப் பலன் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். 1987இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு வாரம் முன்கூட்டியே ஸ்ப்ரே அடித்தவர்களுக்கு மகரந்தத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். பின்னால் வரும் அலை மட்டுமல்ல, முதல் நிமிடத் தும்மலும் குறைந்திருந்தது.

பர்மாத்தேக்கு

பழையசாமான் அண்ணே, இந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. முகப்புத் தூண் நாலு வந்திருக்கிறதாமே, பர்மாத் தேக்கா? என்ன விலை?

பழையசாமான்

தம்பி, அதைத் தனிச் செய்தியில் பேசுவோம். தேக்குதான், ஆனால் ஒன்றில் கரையான் அரித்திருக்கிறது.

சிலைடு அண்ணே, ரொம்ப நன்றி. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. அதே மருந்துதானே தங்கையின் கன்னத்தை மெலிய வைத்தது? அங்கே அப்படிச் செய்தது இங்கே ஏன் செய்யாது?

மூக்குவைத்தியர் (புதுக்கோட்டை)

காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். தங்கை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, கேட்காமலே ஸ்ப்ரேயை நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் அளவு. க்ரீமில் மொமெட்டாசோன் 0.1%. அப்படியானால் ஒரு கிராம் க்ரீமில் 1000 மைக்ரோகிராம். முகம் முழுக்க ஒரு தடவை பூச ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும். ஸ்ப்ரேயில் ஒரு அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம், ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு, ஆக நாள் முழுக்க 200.

அடுத்தது, மருந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. அதில் ஊறிய ஸ்டீராய்டு அங்கேயே சேமிப்பாகத் தங்கி, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே கொலாஜன் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வேலையைக் குறைக்கும், மேலே செல் பெருகுவதும் குறையும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். மூக்கின் உட்புறத்தில் அப்படிச் செத்த அடுக்கு கிடையாது. மேலே சளி ஓடிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் போனது போக, மிச்ச மருந்தை அந்த ஓட்டம் அரை மணிக்குள் பெரும்பாலும் தொண்டைக்குக் கொண்டுபோய்விடும். அது வயிற்றுக்குள் இறங்கிக் கல்லீரலில் உடைந்துவிடும். மொமெட்டாசோனில் உடம்பு முழுதும் போய்ச் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஃபுளூட்டிகசோன் என்ற இன்னொரு ஸ்ப்ரே ஸ்டீராய்டிலும் மிகக் குறைவுதான். பழைய ஸ்ப்ரே ஸ்டீராய்டுகளான பெக்லோமெட்டாசோன், புடெசோனைடு இரண்டிலும் இவற்றைவிட அதிகம் போய்ச் சேரும்.

அந்த வெளுக்கும் க்ரீம்களில் ஸ்டீராய்டு மட்டும் இல்லை. ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். தோலுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஸ்டீராய்டுக் க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு அவற்றை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் இன்னும் எங்கெல்லாம் கிடைக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

இதெல்லாம் கணக்கு. நேரடியாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்க அலர்ஜி இருந்தவர்களின் மூக்குச் சவ்வில் துணுக்கு எடுத்து, 12 மாதம் மொமெட்டாசோன் கொடுத்து, மறுபடி துணுக்கு எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 1998இல் வந்தது. சவ்வு மெலியவில்லை. இயோசினோஃபில்கள் குறைந்திருந்தன. இழைச் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு வகைச் செல் முளைத்திருந்த திட்டுகளும் குறைந்திருந்தன, உதிராத முழுச் சவ்வு கூடியிருந்தது. அலர்ஜி கெடுத்த இடம் ஓரளவு சீர்பட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

மூக்கில் ஒன்றுமே ஆகாது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் கசியும். சோதனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கசிந்தது. மருந்தில்லாத போலி ஸ்ப்ரே அடித்தவர்களிலும் அதில் பாதி அளவு இருந்தது. காரணம் பெரும்பாலும் முனை பார்க்கும் திசை. நடுத்தடுப்பின் முன்பகுதியில் ரத்தக் குழாய்கள் மேலாக ஓடுகின்றன. அங்கே தினமும் ஒரே இடத்தில் மருந்து பாய்ந்தால் புண்ணாகும், பொருக்கு கட்டும். மிக அரிதாகத் தடுப்பில் துளை விழுந்ததும் உண்டு.

அதனால் வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. தலையை லேசாகக் குனிந்துகொண்டு, முனை அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்கட்டும். பலமாக உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசந்தால் உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம். பொருக்கோ ரத்தமோ வந்தால் சில நாள் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கானாடுகாத்தான்_ஆச்சி

டாக்டர் தம்பி, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. விட முடியாமல் போகுமா?

மூக்குவைத்தியர்

ஆச்சி, மன்னிக்கணும். ஸ்ப்ரேயை நிறுத்தினால் தூசி இருக்கிற வரை அலர்ஜி திரும்ப வரும். அது நோய், மருந்துப் பழக்கம் இல்லை. விட முடியாத பழக்கம் வேறொன்றில் இருக்கிறது, அதைப் புதுவயல் தம்பி மேலே எழுதியிருக்கிறார்.

தம்பி, நீங்கள் விடும் சொட்டில் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் இருக்கும், லேபிளைப் பாருங்கள். அது ஸ்டீராய்டு இல்லை. வீங்கிய ரத்தக் குழாய்களை உடனே இறுக்கிச் சுருக்கும், அதனால்தான் இரண்டு நிமிடத்தில் திறக்கிறது. அலர்ஜிச் செல்கள் ஒன்றையும் அது தொடுவதில்லை. மூன்று முதல் ஐந்து நாளைக்கு மேல் போனால் குழாய்களின் ஏற்பிகள் மரத்துப்போகும். மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், அதை அடக்க மறுபடி சொட்டு. நாளுக்கு ஐந்தாறு தடவை என்கிறீர்களே, அங்கேதான் நிற்கிறீர்கள். இதிலிருந்து வெளியே வர நாங்கள் எழுதிக் கொடுப்பதே ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். அதை அடித்துக்கொண்டே சொட்டை முதலில் ஒரு துவாரத்தில் நிறுத்தி, பிறகு மற்றதில் நிறுத்தலாம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு டாக்டரைப் பார்த்துச் செய்யுங்கள், ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொச்சி ஆவி இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இயோசினோஃபில்லை அது குறைக்காது. மஞ்சள் புகை மட்டும் வேண்டாம் ஆச்சி, ஏற்கெனவே புண்பட்ட சவ்வுக்கு எந்தப் புகையும் ஆகாது.

புதுவயல்_மில்

லேபிளைப் பார்த்தேன். ஆக்ஸிமெட்டாசோலின். இதை எழுதிக் கொடுக்காமல் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்களே.

சிங்கப்பூர்_வளவு

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். பள்ளத்தூர் வீட்டை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குத் திறப்போம், மீதி நாள் பூட்டுதான். பெட்டகசாலையில் இருக்கும் பழைய மெத்தை, ஜமக்காளத்தைத் தட்டும்போதே என் கணவருக்கு ஆரம்பித்துவிடும். அங்கே போய் இறங்கியதும் ஸ்ப்ரே அடித்தால் போதுமா? இன்னொன்று, மகனுக்கு ஏழு வயது, அவனுக்கும் இதே தொந்தரவு. பிள்ளைகள் வளர்த்தி குறையும் என்கிறார்களே?

மூக்குவைத்தியர்

இறங்கியதும் அடித்தால் படைப்பு முடிந்து விமானம் ஏறும்போதுதான் வேலை செய்யும். இரண்டு வாரம் முன்பே தினமும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எந்த மருந்து என்பது முக்கியம். 2000இல் வெளியான ஓராண்டு ஆய்வில் பெக்லோமெட்டாசோன் தினம் இருமுறை அடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்திருந்தார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொன்றில் மொமெட்டாசோன் அடித்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு காணவில்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் போடுகிற பிள்ளை என்றால் இரண்டிலும் சேர்த்து ஸ்டீராய்டு எவ்வளவு போகிறது என்று குழந்தை மருத்துவர் கணக்கிட வேண்டும். உயரத்தை அவ்வப்போது குறித்து வைக்கச் சொல்வோம்.

வருடத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும், ஸ்ப்ரே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊசியின் ஸ்டீராய்டு உடம்பு முழுதும் வாரக்கணக்கில் சுற்றும்.

சிலைடு_கண்ணாடி

மெத்தை பற்றி ஒரு வார்த்தை. சிற்றுண்ணியின் எச்சத்தில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. சவ்வுச் செல்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் இணைப்புகளை அது வெட்டித் திறந்துவிடும், ஒவ்வாப் பொருள் இன்னும் ஆழமாக இறங்கும். ஃபுளூட்டிகசோன் போட்டால் அந்த இணைப்புகள் மறுபடி இறுகுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக மெத்தையை மூக்கோடு சேர்த்து வைத்துத் தட்ட வேண்டாம். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, முற்றத்தில் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

தாழ்வாரம்

உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவிவிட்டு ஸ்ப்ரே அடிக்கலாமா? எங்கள் ஊரணித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

மூக்குவைத்தியர்

கழுவலாம், நல்லது. சளி போன பிறகு மருந்து நேரே சவ்வில் படும். ஊரணித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தின்னும் அமீபா இருக்கலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் மட்டும்.

பெயர்_வேண்டாம்

வேறு நோய்க்கு ரிட்டோனாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சேர்ந்த மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். ஃபுளூட்டிகசோன் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறது. அடிக்கலாமா?

மூக்குவைத்தியர்

வேண்டாம். நல்ல வேளை கேட்டீர்கள். வயிற்றுக்குள் போகும் ஸ்டீராய்டைக் கல்லீரல் உடைக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, ரிட்டோனாவிர் அந்த நொதியையே கட்டிப் போட்டுவிடும். மூக்கில் அடிக்கும் சிறிய அளவுகூட உடம்பில் சேர்ந்து முகம் உப்பும், உங்கள் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பு நின்றுபோகும். பூஞ்சைக்கான கெட்டோகோனசோல், இட்ரகோனசோல் மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். உங்களுக்கு மாத்திரை எழுதும் டாக்டரிடமே மூக்குக்கும் கேளுங்கள். கண்ணில் நீரழுத்தம், கண்புரை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பழையசாமான்

தங்கைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். க்ரீமில் 1000, ஸ்ப்ரேயில் 200 என்ற கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் அடங்கினாள். அவள் முகத்துக்கு இனி என்ன செய்வது என்று தோல் டாக்டரிடம் தனியாகக் கூட்டிப் போகிறேன்.

நான் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் முதல் தடவை அழுத்தியபோது காற்றுதான் வந்தது. புட்டி கெட்டுப்போனதா?

மெடிக்கல்_கவுன்டர்

கெடவில்லை அண்ணே. புதுப் புட்டி என்றால் முதலில் வெளியே பத்துத் தடவை அழுத்திவிட்டுத்தான் மூக்கில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால் மறுபடி இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். மருந்து தண்ணீரில் கரைந்து இருப்பதில்லை, பொடியாக மிதக்கிறது. குலுக்காமல் அடித்தால் ஒரு நாள் குறைவாகவும் ஒரு நாள் கூடுதலாகவும் போகும்.

சிங்கப்பூர்_வளவு

எங்கள் வீட்டுக்காரர் அடிக்கும் ஃபுளூட்டிகசோனில் ரோஜாப்பூ வாசனை வருகிறது. அது மருந்தா?

மெடிக்கல்_கவுன்டர்

இல்லை ஆச்சி. புட்டிக்குள் கிருமி வளராமல் இருக்க ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் சேர்ப்பார்கள், அந்த வாசனைதான். பிடிக்கவில்லை என்றால் மொமெட்டாசோனோ ஃபுளூட்டிகசோன் ஃப்யூரோயேட்டோ டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அவற்றில் பெரும்பாலும் வாசனை இருக்காது.